மாமா, நீங்க கேட்ட போலீஸ் கதை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்க நாங்க எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு, பிசியோதெரபிக்கு போறாங்களா இல்ல பாதில நிறுத்திட்டாங்களா? நீங்க போன்ல கேட்டதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாதுன்னுதான் உக்காந்து டைப் பண்றேன். தம்பிகிட்ட சொல்லி பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல படிச்சா கண்ணு எரியுதுன்னு பாதில வச்சிருவீங்க.

"உங்க ஊர்ல எஸ்.பி. யாரு, அவருக்கு மேல யாரு"ன்னு கேட்டீங்க. மாமா, எஸ்.பி.யும் கிடையாது, மேலயும் யாரும் கிடையாது. நம்ம ஊர்ல கான்ஸ்டபிள்ல ஆரம்பிச்சு ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி.ன்னு ஒரே ஏணி, உச்சில டி.ஜி.பி., பாளையங்கோட்டைல ஒருத்தர் தப்பு பண்ணா ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிக்கலாம். இங்க அமெரிக்கால அந்த ஏணியே இல்ல. நாடு முழுக்க சுமார் 18,000 போலீஸ் டிபார்ட்மென்ட் தனித்தனியா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி பாஸ், தனி யூனிபார்ம், தனி சம்பளம். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு யாரும் யாரையும் டிரான்ஸ்பர் பண்ண முடியாது.

கலிஃபோர்னியால நான் இருக்குற கூப்பர்ட்டினோவ எடுத்துக்கோங்க. ஆப்பிள் கம்பெனி ஹெட் ஆபீஸ் இருக்குற ஊரு, வீட்டு விலை கேட்டா மயக்கம் வரும், ஆனா ஊருக்குன்னு சொந்தமா போலீஸ் கிடையாது! எங்க மாவட்டம் மாதிரி இருக்குறது சாண்டா கிளாரா கவுன்ட்டி, அந்த கவுன்ட்டிக்கு ஒரு ஷெரீஃப், அதாவது கவுன்ட்டி போலீஸுக்கு தலைவர், அவர்கிட்ட காசு கொடுத்து கான்ட்ராக்ட் போட்டிருக்காங்க, அவருக்குக் கீழ வேலை பாக்குற டிபுட்டிங்கதான் எங்க தெருவுல ரோந்து வராங்க. பக்கத்து சாரடோகாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸும் இதே கணக்குதான். 1954-ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லேக்வுட்னு ஒரு ஊர் நகராட்சியானப்ப, தனியா ஸ்டேஷன் கட்டி ஆள் எடுக்க காசு எதுக்குன்னு கவுன்ட்டிகிட்டயே சர்வீஸ வாங்கிக்கிட்டாங்க, அதுலேர்ந்து நிறைய ஊர் அதையே பிடிச்சுக்கிச்சு. கூப்பர்ட்டினோவே 1955-லதான் நகராட்சியாச்சு. ஆனா எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரம் நடந்து பாலிஞ்சர் ரோட்ட தாண்டுனா சான் ஹோசே, அந்த ஊருக்கு சொந்தமா பெரிய போலீஸ் டிபார்ட்மென்ட் இருக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பைக் திருடு போனா ஒருத்தர், அந்தப் பக்கம் போனா வேற ஒருத்தர். "இது எங்க லிமிட் இல்லப்பா"ன்னு நீங்க சர்வீஸ்ல எத்தன தடவ சொல்லியிருப்பீங்க, இங்கயும் அதேதான், என்ன, சாரி சேத்து சொல்வாங்க.

இதுக்கு நடுவுல மாநில போலீஸ்னு ஒண்ணு, கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல், சுருக்கமா சி.ஹெச்.பி. 1929-ல ஆரம்பிச்சது, பேருக்கு ஏத்த மாதிரி மெயினா ரோடுதான், ஃப்ரீவேல நீங்க எவ்வளவு வேகமா போறீங்கன்னு பாக்குறது இவங்க வேலை. முன்னாடி கலிஃபோர்னியா ஸ்டேட் போலீஸ்னே தனியா ஒண்ணு இருந்துச்சாம், கவர்ன்மென்ட் பில்டிங், பெரிய தலைங்க பாதுகாப்பு எல்லாம் அவங்க பாத்துக்கிட்டாங்க, 1995-ல அதையும் இதோட சேத்துட்டாங்க. அதனால கவர்னருக்கு பந்தோபஸ்து கொடுக்குறதும் உங்க காருக்கு அபராத டிக்கெட் கிழிக்கிறதும் ஒரே டிபார்ட்மென்ட். நம்ம ஊரு கவர்னர் மாதிரி சும்மா கையெழுத்துதான்னு நினைச்சுக்காதீங்க, இங்க கவர்னர்தான் முதலமைச்சர் மாதிரி.

இப்ப குழப்பம் எங்க வருதுன்னா, நகராட்சி எதுலயும் சேராத இடம் நிறைய இருக்கு, மலை, காடு, பழத்தோட்டம், நடுவுல அங்கங்க வீடு. அந்த மாதிரி இடத்துல திருட்டு, அடிதடி, கொலைன்னா ஷெரீஃப். அதே இடத்துல ரோட்டுல வண்டி மோதுனா சி.ஹெச்.பி. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் ஸ்டீவன்ஸ் க்ரீக் மலைப்பாதைல வளைவுல வண்டிய பாறைல உரசிட்டான், நான் பின்னாடி வண்டில வந்துக்கிட்டு இருந்தேன். முதல்ல வந்தது ஷெரீஃபோட டிபுட்டி. இறங்குனாரு, அடி பட்டுருக்கான்னு கேட்டாரு, வண்டிய குறுக்க நிறுத்தி சிவப்பு விளக்கு போட்டு பின்னாடி வர்ற வண்டிய மெதுவாக்கினாரு, ரோட்டுல தீக்குச்சி மாதிரி எரியுற குச்சிங்கள வரிசையா வச்சாரு. அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதல. "அது சி.ஹெச்.பி. வந்து எழுதுவாங்க"ன்னு கைய கட்டிக்கிட்டு நின்னாரு, நாங்களும் நின்னோம், அவரு தன்னோட நாய பத்தி எல்லாம் பேசிக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு சி.ஹெச்.பி. ஆபீசர் வந்து டேப் வச்சு அளந்து, டயர் தடத்த போட்டோ எடுத்து, லைசென்ஸ் இன்ஷூரன்ஸ் வாங்கி எழுதிக்கிட்டாரு. ஒருத்தருக்கு காக்கி சட்டைக்கு பச்சை பேண்ட், இன்னொருத்தருக்கு முழுக்க காக்கி, பேண்ட்ல நீலக்கோடு. ரெண்டு பேரும் கை கொடுத்துக்கிட்டாங்க, யாரும் யாருக்கும் சல்யூட் அடிக்கல, நீங்க பாத்திருந்தா அதத்தான் முதல்ல கேட்டிருப்பீங்க.

சட்டப்படி பாத்தா சி.ஹெச்.பி.க்கு மாநிலம் முழுக்க அதிகாரம், ஷெரீஃபுக்கு கவுன்ட்டி முழுக்க, அதாவது சான் ஹோசே டவுனுக்குள்ள கூட அவரு கைது பண்ணலாம். பண்ண மாட்டாரு, அந்த ஊரு போலீஸ் இருக்கும்போது எதுக்குன்னு விட்ருவாரு. எழுதாத ஒப்பந்தத்துல பாதி ஓடுது. 911-ன்னு இங்க இருக்குற அவசர போன் நம்பர் கூட அப்படித்தான், ரொம்ப காலம் இங்க செல்போன்ல அடிச்சா நேரா சி.ஹெச்.பி.க்குப் போகும், ஏன்னா செல்போன்ல அடிக்கிறவன் ரோட்டுலதான் இருப்பான்னு கணக்கு, வீட்டுக்குள்ள திருடன்னு சொன்னா அவங்க திரும்ப ஊரு ஸ்டேஷனுக்கு மாத்தி விடுவாங்க. இப்ப நிறைய கால் நேரா உள்ளூருக்கே போற மாதிரி மாத்திட்டாங்க.

ஆனா யாரு பிடிச்சாலும் கடைசில போற இடம் ஒண்ணுதான். டிக்கெட்னா கவுன்ட்டில இருக்குற சுப்பீரியர் கோர்ட், அரெஸ்ட்னா கவுன்ட்டி ஜெயில், அந்த ஜெயில் ஷெரீஃப் கைல. எல்ம்வுட்னு ஒரு ஜெயில் மில்பிடாஸ்ல இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய குடியிருக்குற ஊரு, கிரேட் மாலுக்கு பக்கத்துலயே. ஷாப்பிங் போற பாதி பேருக்கு அது ஜெயில்னே தெரியாது. வாடகை கட்டாம கோர்ட் உத்தரவு வந்து வீட்ட காலி பண்ண வைக்கிறதும் ஷெரீஃப் டிபுட்டிங்கதான், கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டு கொஞ்ச நாள் கழிச்சு வந்து பூட்ட மாத்த வைப்பாங்க. நம்ம ஊரு கோர்ட் அமீனா வேலை, ஜெயிலர் வேலை, இன்ஸ்பெக்டர் வேலை மூணும் ஒருத்தர் தலைல. மெட்ராஸ்ல ஒரு காலத்துல ஷெரீஃப்னு ஒரு பதவி இருந்துச்சே, மாலை போட்டு போட்டோ எடுத்துக்கிற கௌரவப் பதவி, அத நினைச்சுக்கிட்டு இவர பாக்காதீங்க.

இப்ப நீங்க நம்பாத விஷயத்துக்கு வரேன். இந்த ஷெரீஃப் எலக்‌ஷன்ல ஜெயிச்சு வர்றவரு மாமா. ஓட்டு போட்டு! வீட்டு வாசல் புல்லுல எல்லாம் அவரு பேரு போட்ட போர்டு நட்டு வைப்பாங்க. கலிஃபோர்னியால 58 கவுன்ட்டி, 58 ஷெரீஃப், எல்லாரும் அப்படித்தான். நாலு வருஷம் பதவி, 2022-ல ஜெயிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மட்டும் ஆறு வருஷம், ஏன்னா ஜனாதிபதி தேர்தலோட சேத்து நடத்தலாம்னு சட்டத்த மாத்திட்டாங்க, அவங்களுக்கு அடுத்தது 2028-ல. கவுன்ட்டி போர்டு அவருக்கு பட்ஜெட் போடும், ஆனா இப்படி செய் அப்படி செய்யின்னு உத்தரவு போட முடியாது. கவர்னரும் வீட்டுக்குப் போன்னு சொல்ல முடியாது. அட்டர்னி ஜெனரல்னு மாநிலத்தோட தலைமை வக்கீல் ஒருத்தர், அவருக்கு ஷெரீஃப்கள மேற்பார்வை பண்ற அதிகாரம் மாநில அரசியல் சட்டத்துல இருக்கு, எழுத்துல இருக்குற அளவுக்கு நடைமுறைல கண்ணுல படல.

தப்பு பண்ணா யாரு கேப்பான்னு அடுத்து கேப்பீங்க. எங்க கவுன்ட்டிலயே நடந்துச்சு. லாரி ஸ்மித்னு ஒரு அம்மா, 1998-ல ஜெயிச்சாங்க, கலிஃபோர்னியால தேர்தல்ல ஜெயிச்ச முதல் பெண் ஷெரீஃப், இருபது வருஷத்துக்கு மேல அவங்கதான். இங்க துப்பாக்கிய மறைச்சு வச்சுக்கிட்டு நடமாட பெர்மிட் கொடுக்குறதும் ஷெரீஃப் வேலை, அத தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவங்களுக்கும் வேண்டப்பட்டவங்களுக்கும் பாத்து கொடுத்தாங்கன்னு புகார். சிவில் கிராண்ட் ஜூரின்னு பொதுமக்கள வச்சு ஒரு குழு இருக்கு, அது விசாரிச்சு குற்றம் சாட்டுச்சு, கேஸ் நடந்து 2022 கடைசில ஜூரி குற்றவாளின்னு சொல்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடிதான் ராஜினாமா பண்ணாங்க. அந்த கேஸ்ல தண்டனையே பதவி போறதுதான், அது ஏற்கனவே போயாச்சு. அப்புறம் நடந்த தேர்தல்ல பாப் ஜான்சன்னு பாலோ ஆல்டோ போலீஸ் சீஃபா இருந்தவரு ஜெயிச்சாரு.

எனக்கு இதவிட பெருசா படுறது இன்னொண்ணு. இங்க பெரும்பாலான கவுன்ட்டில ஷெரீஃபே கரோனரும், அதாவது சந்தேகமான சாவுன்னா எப்படி செத்தாங்கன்னு சர்டிபிகேட் கொடுக்குறவரும் அவரேதான். போலீஸ் கைல ஒருத்தன் செத்தா, அது கொலையா விபத்தான்னு போலீஸே எழுதணும். லாக்கப் டெத்துன்னா ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உங்க காலத்துல நடுங்குவாங்களே, மாஜிஸ்திரேட் வந்து கேட்டுட்டு போறது எவ்வளவு நல்ல ஏற்பாடுன்னு இங்க வந்துதான் தோணுது. ஸ்டாக்டன் இருக்குற சான் வாக்கீன் கவுன்ட்டில பென்னட் ஒமாலுன்னு நைஜீரியாலேர்ந்து வந்த டாக்டர் பிரேதப் பரிசோதனை பண்ணிக்கிட்டு இருந்தாரு, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறவங்க மூளை கெட்டுப் போறத கண்டுபிடிச்ச அதே ஆளு. ஷெரீஃப் என் ரிப்போர்ட்ல தலையிடுறாருன்னு சொல்லி 2017 கடைசில வேலைய விட்டாரு. அந்த வேகத்துல அடுத்த வருஷமே அந்த கவுன்ட்டி கரோனர் வேலைய ஷெரீஃப்கிட்டேர்ந்து பிரிச்சுருச்சு. எங்க கவுன்ட்டி அதுக்கு முன்னாடியே பிரிச்சாச்சு.

குறை மட்டும் சொன்னா நியாயம் இல்ல. 2020 ஆகஸ்ட்ல மின்னல் விழுந்து மலை முழுக்க பத்துச்சே, சாண்டா க்ரூஸ் மலைப்பக்கம் மட்டும் 86,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சுது, அப்ப எங்க மேனேஜர் வீடு போல்டர் க்ரீக்ல. தீ அணைக்கிறது கால் ஃபயர்னு மாநில தீயணைப்பு, ஊர காலி பண்ணுங்கன்னு உத்தரவு போட்டு கதவு கதவா தட்டுனது ஷெரீஃப் ஆளுங்க, ரோட்ட மறிச்சு வண்டிய கீழ இறக்கி விட்டது சி.ஹெச்.பி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் லிமிட் பேசலன்னு மேனேஜர் சொன்னாரு. அதே மாதிரி 2024-ல ஓக்லாண்ட்ல திருட்டு தாங்க முடியலன்னு கவர்னர் 120 சி.ஹெச்.பி. ஆளுங்கள அனுப்பினாரு, ஆனா ஓக்லாண்ட் போலீஸுக்கு உத்தரவு போட அவரால முடியாது, தன்கிட்ட இருக்குற ஆள அனுப்ப மட்டும்தான் முடியும். அந்த வித்தியாசத்த யோசிச்சு பாருங்க.

இதையும் அமெரிக்கா முழுக்க இப்படித்தான்னு டீக்கடைல சொல்லிறாதீங்க. அலாஸ்கால கவுன்ட்டியே இல்ல, ஷெரீஃபும் இல்ல, ஊர் போலீஸ் இல்லாத இடத்துல எல்லாம் ஸ்டேட் ட்ரூப்பர்னு மாநில போலீஸ்தான். கனெக்டிகட்ல 2000-ல ஓட்டு போட்டு ஷெரீஃப் பதவியவே தூக்கிட்டாங்க. டெலவேர்ல ஷெரீஃப் இருக்காரு, கைது பண்ற அதிகாரம் இல்லன்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 2013-ல சொல்லிருச்சு.

எனக்கு இன்னும் க்ரீன் கார்டு வரல. வந்தாலும் ஷெரீஃபுக்கு ஓட்டு போட முடியாது, அதுக்கு சிட்டிசன் ஆகணும். ஆனா டிபுட்டியா சேர அப்ளை பண்ணலாம், 2023-லேர்ந்து சிட்டிசன் இல்லாதவங்களும் போலீஸ்ல சேரலாம்னு சட்டம் வந்துருச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க, நிஜமாவே சேரப் போறேன்னு அழுவாங்க.

நீங்க டிசம்பர்ல வரும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம வண்டிய யாராவது ஓரங்கட்டச் சொன்னா, அது எந்த யூனிபார்மா இருந்தாலும், நீங்க கதவத் திறந்து இறங்காதீங்க. நம்ம ஊர்ல இறங்கிப் போய் "சார், நானும் டிபார்ட்மென்ட்தான்"னு சொல்றதுதான் மரியாதை, இங்க இறங்குனா அவங்க கை துப்பாக்கிக்குப் போகும். உள்ளயே உக்காந்து கைய மடில தெரியுற மாதிரி வச்சுக்கணும், ஆர்.சி. இன்ஷூரன்ஸ் எடுக்கக்கூட அவரு கேட்ட பிறகு, எடுக்குறேன்னு சொல்லிட்டுத்தான் கைய நகத்தணும். பேச்செல்லாம் நான் பாத்துக்குறேன். உங்க பழைய ஐ.டி. கார்ட வேணா கொண்டு வாங்க, எங்க தெருவுல ரோந்து வர்ற டிபுட்டி ஒருத்தர் நல்லா பேசுவாரு, அவர் வண்டிய விட்டு இறங்கி நிக்கிறப்ப கூட்டிட்டுப் போய் அறிமுகம் பண்ணி வைக்கிறேன்.

அத்தைக்கு ஜாயின்ட் மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், வேற என்ன வேணும்னு லிஸ்ட் அனுப்பச் சொல்லுங்க.

உங்க மருமகன்
செந்தில்