எந்த உணவுக்கு, எவ்வளவு சூட்டில்?

ஆசிரியருக்கு,

உணவு அடைக்கும் பை, டப்பா, பாட்டில்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் சான்றிதழ்கள் பலவற்றில் 'இது ஃபுட் கிரேடு' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. எந்த உணவுக்கு, எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை நாளுக்கு என்று சொல்லாத அந்தத் தாளால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 10/2011 விதிப்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்குவது மொத்தமாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்புக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனையில் பெரும்பாலும் உணவையே வைப்பதில்லை. புளிப்புப் பண்டத்துக்குப் பதில் 3 சதவீத அசெடிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்குப் பதில் தாவர எண்ணெய். சாதாரண வெப்பநிலையில் நெடுநாள் இருக்கப்போகும் பொருள் என்றால் பிளாஸ்டிக் துண்டு அந்தத் திரவத்தில் 40 டிகிரியில் 10 நாள் ஊற வேண்டும். அமிலத்தை வற்றவைத்து, தட்டில் மிஞ்சுவதை எடை போட்டால் போதும். எண்ணெய் வற்றாதே! பிளாஸ்டிக் துண்டையே ஊறும் முன்னும் பின்னும் எடை போட்டு, அது குடித்த எண்ணெயைப் பிரித்தெடுத்துக் கழிக்க வேண்டும். நாளும் செலவும் கூடுகிறது. அதனால் அமிலத்தில் தேறிய அறிக்கையைக் காட்டியே எண்ணெய்ப் பண்டத்துக்கும் பையைத் தள்ளிவிடுகிறார்கள். பாலிஎத்திலீன் போன்றவற்றிலிருந்து தண்ணீரைவிட எண்ணெய்தான் அதிகம் இழுக்கும்.

மொத்த அளவு தேறினாலும் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள வரம்பு தேறியதாகாது. ஆன்டிமனி என்ற தனிமத்துக்கு ஒரு கிலோ உணவில் 0.04 மில்லிகிராம்தான் வரம்பு. தராசில் அது தெரியவே தெரியாது, தனியாகச் சோதிக்க வேண்டும்.

மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணையைத் தயாரித்தவரின் கடிதத்தை நகலெடுத்து, பைக்கான சான்று என்று நீட்டுவது இன்னொரு வழக்கம். நிறமி, மை, ஃபிலிம் அடுக்குகளை ஒட்டும் லேமினேஷன் பசை எல்லாம் சேர்வது அதற்குப் பிறகுதான். அச்சிட்ட ஃபிலிமைச் சுருளாகச் சுற்றும்போது வெளிப்பக்க மை அடுத்த சுற்றின் உட்பக்கத்தில் ஒட்டும், கண்ணுக்குத் தெரியாமல். 2005-இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற மைச் சேர்மானம் அகப்பட்டது இப்படித்தான். பசையின் கதை வேறு. பாலியூரித்தேன் பசை இறுகும் முன்பே ரோல் வெளியே போனால், பசையின் மூலப்பொருளில் மிஞ்சிய ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்து, உடலுக்குக் கேடான அரோமாட்டிக் அமீனாக மாறக்கூடும். ஆய்வகத்துக்குப் போகும் மாதிரி பல நாள் அலமாரியில் கிடந்து நன்றாக இறுகியிருக்கும். வாடிக்கையாளருக்கான லோடோ மறுநாளே கிளம்பியிருக்கும். அறிக்கை பொய்யில்லை, சரக்குதான் வேறு.

ஆகவே சான்றிதழில் தயாரிப்பாளர் முகவரியும் தேதியும் இருக்கின்றனவா என்பதோடு நிறுத்தாமல், சோதனைத் திரவம், வெப்பநிலை, நேரம், மாதிரியின் தடிமன் ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். குருணை, பசை, மை என எது மாறினாலும் பழைய சான்றை அப்படியே ஏற்கக் கூடாது. ரசீதில் உள்ள பொருள் எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரக்கு இறங்கும்போதே பார்த்துவிடலாம், அரை நிமிட வேலை.

இப்படிக்கு,
பேக்கிங் பொருள் பரிசோதனைக்கூட ஊழியர்கள்