சிறுவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'குழந்தைத்தனம்' என்ற ஒரே சொல்லைத்தான் பாராட்டவும் எடுக்கிறோம், திட்டவும் எடுக்கிறோம். வகுப்பில் கதை சொல்லும்போது இந்தக் குழப்பம் பிள்ளைகளைத்தான் பாதிக்கிறது. குரலைக் கீச்சென்று மாற்றி 'மம்மு', 'தாச்சி' என்று பேசினால் பிள்ளைகளோடு ஒன்றிவிட்டதாக எண்ணுகிறோம். 5 வயதுப் பிள்ளை அந்தப் பேச்சைத் தாண்டி வந்து நாளாகிறது. வழக்கமான குரலில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாலே போதும்.

தாகமெடுத்த காக்கை கதையில் ஒரு பிள்ளை குறுக்கே கேட்கும்: "பானையில எவ்வளவு தண்ணி இருந்துச்சு?" இதுதான் குழந்தைமை. "பேசாம கதையைக் கேளு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனம். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே.

அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் கழுத்தை வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி வேண்டாம், கல் பட்டால் உடையும். ஒன்றில் கால்வாசி, மற்றதில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் ரப்பர் பேண்டு போடுங்கள். சுண்டைக்காய் அளவுக் கூழாங்கற்களைக் கழுவி, பிள்ளைகளையே ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். கழுவாவிட்டால் தண்ணீர் கலங்கி மட்டம் தெரியாது. உயரத்திலிருந்து போட்டால் தெறித்து அளவு குறைந்துவிடும்.

முக்கால் பாட்டிலில் கொஞ்சம் கல்லிலேயே தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். கால் பாட்டிலிலோ கல் விளிம்பு வரை நிறைந்தாலும் தண்ணீர் கீழேயே நிற்கும். குவிந்த கற்களுக்கு நடுவில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். அதை நிரப்பவே அந்தத் தண்ணீர் போதாது. கல்லோடு மணலையும் போட்டால் இடைவெளி அடைபட்டு மட்டம் இன்னும் சற்று ஏறும். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "இன்னும் ஒரு கல்லு, இன்னும் ஒரு கல்லு" என்று பிள்ளைகள் பாட்டிலோடு கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரம் அது. கூடவே குனிந்து பார்க்கிற ஆசிரியருக்கும் அந்தக் குழந்தைமை வாய்க்கும்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் அடுத்த முறை காக்கைக் கதை வரும்போது, கடைசியில் நீதி அச்சிடும் இடத்தில் இந்த இரண்டு பாட்டில்களின் படத்தைப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.