வீட்டுக்குள் அடைபட்ட புகை

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருப்பதையும், பொங்கலுக்குள் புது வீட்டுக்குக் குடிபோகவிருப்பதையும் வாசித்து மகிழ்ந்தோம். இங்கே பேரனுக்கு மார்கழி பிறந்ததிலிருந்து மூச்சு முட்டு. மழைக்குளிரால் வந்த வருத்தம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் வைத்தியர் முதலில் கேட்டது, பிள்ளை படுக்கும் அறையில் என்ன கொளுத்துகிறீர்கள் என்பதைத்தான்.

வாடைக்காற்றோடு சாரல் அடிப்பதால் யன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, பாயின் தலைமாட்டில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்பது எங்கள் வழக்கம். விடியற்காலையில் தட்டில் கிடக்கும் சாம்பலைக் கொட்டுவோமே தவிர, எரிந்துபோன மீதி எங்கே போயிற்று என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் புகையில் உள்ளதற்குச் சமம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்கள் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிவிடுகின்றன. அன்றே நுளம்புவலை வாங்கிக் கட்டினேன்.

அதன்பிறகு குசினியைப் பார்த்தேன். 2022இல் காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்று அலுத்து விறகடுப்புக்குத் திரும்பியவர்கள், விலை ஏறியதால் அதையே வைத்துக்கொண்டோம். அடுப்புக்கு மேலே ஓட்டின் உட்பக்கத்தை விரலால் தடவினால் கரி தார்போல ஒட்டுகிறது. மனைவி அந்தக் காற்றைத்தான் மூன்று வேளையும் சுவாசித்திருக்கிறாள். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவளுடைய இருமலை வயதின் இருமல் என்று நான் விட்டிருந்தது மனத்தை வருத்துகிறது. இப்போது அடுப்பைப் பின்பத்திக்கு மாற்றி, புகைக்கூடு வைத்து, விறகை நன்றாகக் காயவைத்தே எரிக்கிறோம்.

உமக்கும் சில சொல்ல வேண்டும். புதுப் பெயின்ற் மட்டுமல்ல, ஒட்டுப்பலகை அலுமாரிகளின் பசையும் மாதக்கணக்கில் போர்மல்டிகைட்டு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். ஆகையால் குடிபோகுமுன் கதவு யன்னல்களைப் பல நாள் திறந்து வையும். ஏசி பூட்டுவதாக எழுதியிருந்தீர். சாதாரண வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குமேயன்றி வெளிக்காற்றை உள்ளே எடுக்காது. அறையைத் தினமும் சிறிது நேரம் திறந்து விடாவிட்டால் அடைபட்டது அடைபட்டதாகவே இருக்கும். ஈரம் ஊறிய சுவரில் பூஞ்சணம் கண்டால், மேலே பெயின்ற் அடித்து மறைக்காமல் ஒழுக்கைத் திருத்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தோயவார்த்துவிட்டுச் சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டாம். நம் தாய்மார் அன்போடு செய்ததுதான். ஆயினும் அந்தச் சின்ன நெஞ்சு அதைத் தாங்காது. மெல்லிய துவாயால் தலையைத் துவட்டினாலே போதும்.

பேரன் நேற்றிரவு இழுப்பில்லாமல் நித்திரை கொண்டான். மகளின் சுகத்தை உடனே எழுதும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய நண்பன்