மழைக்காலத்தைப் பார்க்காத ஆய்வறிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படிதான். திட்ட இடத்தைச் சுற்றிப் பொதுவாக 10 கி.மீ. வரை காற்று, நீர், மண், உயிரினங்களை ஆய்வு செய்கிறார்கள். பல திட்டங்களுக்கு ஒரே ஒரு பருவத்தின் தரவு போதும். அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் கடலோர மாவட்டங்களில் இதன் விளைவு விபரீதமானது. ஏப்ரலில் போய்ப் பார்த்தால் ஏரி வெடித்த களிமண். வலசைப் பறவை ஒன்றுகூட இருக்காது. நவம்பரில் அதே இடம் பக்கத்து ஊர்களின் வெள்ளத்தை வாங்கி நிற்கும். அறிக்கையில் பதிவாவது ஏப்ரல் மட்டுமே. ஆய்வு நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் திட்டக்காரர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இந்த அறிக்கை மீது நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் 30 நாள் அவகாசம் உண்டு. தமிழில் கிடைப்பது அறிக்கையின் சுருக்கம் மட்டும். தரவு அட்டவணைகள் ஆங்கில அறிக்கையில். ஆட்சியர் அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்கி, மாதிரி எடுத்த தேதிகளை முதலில் பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று விதி எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். முடிவில், கூட்டத்தில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைத் தமிழில் விளக்கி வாசிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் பந்தலை விட்டுக் கிளம்பிவிடுகிறோம். விடுபட்ட ஆட்சேபத்தை அப்போதே சேர்க்கச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவள்ளூர்