பழியை இணையத்தின் மேல் சாட்டும் முன்: சோல் இசை இதழ்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சு இதழ்கள் நலிவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பழியை இணையத்தின் தலையில் கட்டிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசைக்கென்றே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்தப்பட்டுவரும் இதழ்களின் கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அவற்றை நெடுங்காலமாக வாசித்து வருபவன் என்ற முறையில், இந்த விளக்கத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது என்று கருதுகிறேன். வாசகர்கள் விலகிப் போனதற்கு, இந்த இதழ்கள் செய்திகளைத் தேடிச் செல்வதை நிறுத்திக்கொண்டதும் முக்கியமான காரணம்.

இவை எதற்காகத் தோன்றின என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க இசைத் தொழிலின் முதன்மை வார இதழான 'பில்போர்டு', 1963 நவம்பர் இறுதியிலிருந்து 1965 ஜனவரி வரை, கறுப்பினக் கலைஞர்களின் வெகுசன இசையான ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாடல்களுக்கான தனிப் பட்டியலையே வெளியிடாமல் இருந்தது. சோல் பாடல்களுக்குப் பேர்பெற்ற டெட்ராய்ட் நகர இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் பாடல்கள் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கிய காலம் அது என்பதை எண்ணினால், அந்த அலட்சியத்தின் அளவு புரியும். பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாதவற்றை எழுத வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1966-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ரெஜினா ஜோன்ஸும் கென் ஜோன்ஸும் 'சோல்' என்ற பெயரிலேயே ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார்கள். அந்நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் நடந்து அப்போது ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. பிரிட்டனில் ஜான் ஆபி நடத்திவந்த சிற்றிதழ், 1967-ல் 'புளூஸ் அண்ட் சோல்' என்று பெயர் மாறியது.

அந்த இதழில் பத்தி எழுதிய டேவ் கோடின், லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடையையும் நடத்திவந்தார். கால்பந்து ஆட்டம் பார்க்க வட இங்கிலாந்திலிருந்து வரும் இளைஞர்கள், அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த தாளத்தை முன்னிறுத்தும் 'ஃபங்க்' பாணித் தட்டுகளை ஏறிட்டும் பாராமல், சில ஆண்டுகளுக்கு முந்தைய, துள்ளலான மோடவுன் பாணிப் பாடல்களையே கேட்டு வாங்கிச் செல்வதை அவர் கவனித்தார். அத்தகைய தட்டுகளைக் கடை ஊழியர்கள் பிரித்தறிவதற்காக அவர் சூட்டிய 'நார்தர்ன் சோல்' என்ற பெயர், 1970-ல் அவருடைய பத்தியின் வழியே பரவி, விகன் கேசினோ போன்ற நடன அரங்குகளில் விடியவிடிய ஆடிய ஒரு தலைமுறைக்கே அடையாளமானது. வாசகன் எதைக் கேட்கிறான் என்பதைக் கடையின் முன்மேசையில் நின்று பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடிந்தது.

இன்று அதே வகை இதழ் ஒன்றின் விமர்சனப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தி, மேலே நான்கு நட்சத்திரம், இசை நிறுவனம் அனுப்பிய அறிவிப்பிலிருந்து அப்படியே இறக்கிய பெயரடைகள். பாடியவர் பெயர் இருக்கும். டிரம்ஸ் வாசித்தவர் யார், எந்த ஒலிப்பதிவுக்கூடம், ஊதுகருவிகளுக்கு இசைக்கோவை அமைத்தவர் யார் என்பவை இரா. இதை அற்பமான குறையாக நான் கருதவில்லை. சோல் இசையின் வரலாற்றில் பெரும்பகுதி பக்கவாத்தியக்காரர்களின் வரலாறு. மோடவுனின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவினரின் பெயர்கள், 1971-ல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வரும்வரை அந்நிறுவனத்தின் தட்டு உறைகளில் பெரும்பாலும் அச்சாகவில்லை. அக்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதாரைக் கேட்டு வளர்ந்த பலருக்கு அவர் பெயரே தெரியாது. அவர் 1983-ல் காலமானார். நிறுவனங்கள் மறைத்த பெயர்களைத் தேடி அச்சேற்றியது பெரும்பாலும் இத்தகைய இதழ்களும் ஆர்வலர்களும்தான். இணையத்தில் பாட்டைக் கேட்பவருக்கு உறைக்குறிப்பும் கையில் இல்லை என்னும் நிலையில், அந்த வேலை முன்பைவிட இப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சரியாக இந்த நேரம் பார்த்து இதழ்கள் அதைக் கைவிட்டிருக்கின்றன.

பேட்டிகளின் நிலையும் இதுதான். புதுத் தொகுப்பு வெளியாகும் வாரத்தில் எல்லாரிடமும் கேட்கப்படும் அதே கேள்விகளுக்கு, எல்லாரும் சொல்லும் அதே பதில்கள். அறுபதுகளில் அமெரிக்கத் தென்பகுதியின் சோல் ஒலிப்பதிவு மையங்களான மெம்ஃபிஸிலும் மசல் ஷோல்ஸிலும் பாடியவர்கள், வாசித்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்க, அவர்களில் பலருக்கு இரங்கல் குறிப்பில்தான் முதன்முறையாக முழுப்பக்கம் கிடைக்கிறது.

பணமில்லை என்பார்கள். மறுக்கவில்லை, 1951 முதல் வெளிவந்த, அமெரிக்கக் கறுப்பின வாசகர்களுக்கான 'ஜெட்' இதழ்கூட 2014-ல் வழக்கமான அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் 1970-ல் சிகாகோவில் சிலர் கூடித் தொடங்கிய 'லிவிங் புளூஸ்' என்ற புளூஸ் இசை இதழ், 1983-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அரவணைப்புக்குள் சென்று, இசைக்கலைஞர்களின் வாய்மொழியாகவே நீண்ட பேட்டிகளை வெளியிடும் மரபைத் தொடர்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், சோல் இசை குறித்த ஆழமான எழுத்து பழைய பாடல்களை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களின் சிறு கையேடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பிரிட்டனின் கென்ட், சிகாகோவின் நியூமெரோ குரூப் ஆகியவை வெளியிடும் தொகுப்புகளோடு வரும் கட்டுரைகளில், யாரும் அறியாத ஒரு பாடகரின் வாழ்க்கை, அவர் பதிவுசெய்த ஊர், உடன் வாசித்தவர்கள் என எல்லாம் விசாரித்து எழுதப்பட்டிருக்கும். ஆக, எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே சிக்கல், தட்டை விற்பவரே எழுதவும் வைப்பதால் அந்தக் கையேடுகளில் 'இந்தப் பாட்டு சுமார்தான்' என்ற வாக்கியத்தைக் காண்பது அரிது. அதைச் சொல்லும் சுதந்திரம் இதழுக்குத்தான் உண்டு.

மாதந்தோறும் வண்ணப் படங்களோடு வர வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் கேட்கவில்லை. ஆண்டுக்கு நான்கு இதழ் போதும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் சம்மதம். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் வாசித்தவர்களின் பெயர், பதிவான இடம், ஆண்டு ஆகியவை இருக்கட்டும். ஒவ்வோர் இதழிலும், இன்று உயிரோடு இருக்கும் ஒரு மூத்த பக்கவாத்தியக்காரரின் நீண்ட பேட்டி இடம்பெறட்டும். அப்படி ஓர் இதழ் வருமானால், சந்தா கூடுதலானாலும் முன்பணமாகவே செலுத்தத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்