முதலில் எழுத்து வரட்டும்: திரைப்படத் தகவல் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் படங்களுக்குத் தகவல் தளம் நடத்துகிறவர்களுக்கும், இனித் தொடங்க இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் ஒருவர் போனை எடுத்து ‘விக்ரம்’ என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் வளைவுக்கு வளைவு வந்து போகும். வந்த அரை நிமிடத்தில் உங்கள் பக்கம் அவருக்கு என்ன கொடுத்தது? தளங்களை நாங்கள் ஒப்பிடுவது இதை வைத்துத்தான். ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாத் தளமும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் வர வேண்டியது எழுத்து. இணையத்தில் வழங்கும் யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘நீ’ என்று எழுதினால் 6. அப்படியிருந்தும் படத்தின் பெயர், ஆண்டு, இயக்கம், இசை, நடிகர்கள், ஓடும் நேரம் எல்லாம் சேர்ந்து சில கிலோபைட்டைத் தாண்டாது. சரியாகச் சுருக்காத ஒரே ஒரு போஸ்டர் 300 கிலோபைட்டைத் தின்றுவிடும். உலகப் படங்களுக்கெல்லாம் தகவல் தரும் ஐ.எம்.டி.பி. தளம் 1990இல் பிறந்ததே ரசிகர்கள் தொகுத்த வெறும் எழுத்துப் பட்டியலாகத்தான். இன்று பல தளங்களில் போஸ்டரும் தானாக ஓடும் டிரெய்லரும் விளம்பரமும் முந்திக்கொள்ள, இயக்குநர் பெயர் கடைசியில் வருகிறது.

தமிழ் எழுத்துருவையும் தளமே இறக்கினால் இன்னொரு வம்பு. அது வந்து சேரும்வரை பிரவுசர் சுமார் 3 விநாடிக்கு எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். போனில் ஏற்கெனவே ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது. முதலில் அதில் காட்டிவிட்டு உங்களுடையது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. போஸ்டருக்கும் விளம்பரத்துக்கும் அகல உயரத்தை முன்பே எழுதி இடம் ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் தாமதமாக வரும் விளம்பரம் பக்கத்தைக் கீழே தள்ளும், ‘நடிகர்கள்’ மேல் வைத்த விரல் கடன் விளம்பரத்தில் போய் விழும். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதற்கான மதிப்பெண் 0.1க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பொத்தான் 44 பிக்சலாவது இருக்கட்டும். மார்கழியில் விரல் விறைத்துப்போகும் ஊர்க்காரர்களின் கோரிக்கை இது.

ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டுவதும் தெரிகிறது. வரி உயரம் எழுத்தின் அளவைப்போல 1.2 மடங்கு என்றால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும், 1.6 வையுங்கள். ‘மோர்’ என்பதற்கு அளந்த பொத்தானில் ‘மேலும் பார்க்க’ என்பது ‘மேலும் பா…’ என்று நிற்கிறது.

இனி தேடல். பெரும்பாலான தளங்கள் இங்கேதான் தோற்கின்றன. ஐ.எம்.டி.பி.யின் தேடுபெட்டி தட்டச்சு செய்யும்போதே பெயர், ஆண்டு, இரண்டு நடிகர் என்று காட்டும். ‘விக்ரம்’ விஷயத்தில் நடிகர் பெயர் உதவாது: 1986இல் வந்ததிலும் 2022இல் வந்ததிலும் கமல்தான். ஆண்டு இருப்பதால் பிழைத்தோம். ‘பில்லா’ 1980, 2007. ‘மாப்பிள்ளை’ 1989, 2011. தமிழில் ஆண்டு இல்லாத படப்பெயர் பாதிப் பெயர்தான்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ‘மூன்றாம் பிறை’யை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களில் ஒருவர் ‘மூண்ட்ராம்’ என்பார், ஒருவர் ‘மூன்ராம்’ என்பார், இன்னொருவர் ‘முன்ட்ரம்’ என்பார். மூன்றுமே அதே பக்கத்துக்குப் போக வேண்டும். இதற்குப் பெரிய மூளை எதுவும் வேண்டாம், படத்துக்கு மாற்றுப் பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும். பயனர்களே தொகுக்கும் படத் தகவல் தளமான டி.எம்.டி.பி.யிலும், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தரவுக் களஞ்சியம் விக்கித்தரவிலும் அதற்கென்றே இடம் உண்டு.

தமிழிலேயே அடித்தாலும் சிக்கல் தீராது. ‘கொ’வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறையில் சீராக்கினால் இது தீரும். ஆனால் ‘கௌதம்’ தீராது. பலர் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் போட்டுக் ‘கெளதம்’ என்று அடிப்பதால், கௌதம் மேனனைத் தேடினால் ஆளையே காணோம். அந்த இணையைத் தேடலுக்குள் நீங்களே கைப்பட எழுதிச் சேர்க்க வேண்டும். ரஹ்மானும் ரகுமானும் அப்படியே.

படப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஐ.எம்.டி.பி. இயக்குநர், எழுத்தாளர், நடிகர் என்று காட்டுகிறது. இசையமைப்பாளருக்கு முழுப் பட்டியலுக்குள் போக வேண்டும். பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் தளமான லெட்டர்பாக்ஸ்டில் ‘க்ரூ’ (படக்குழு) என்ற தாவலுக்குள் போக வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம் அது. இங்கே இசை யார் என்பதுதான் பல நேரம் முதல் கேள்வி. அதற்கடுத்த கேள்வி பாட்டு. பாடலாசிரியர் என்று படத்துக்கு ஒரு கட்டம் வைத்தால் போதாது: ‘மூன்றாம் பிறை’க்குக் கண்ணதாசன், வைரமுத்து, கங்கை அமரன் என்று மூன்று பேர் எழுதினார்கள். ‘கண்ணே கலைமானே’ யார் எழுதியது என்று கேட்பவருக்கு மூன்று பெயரை நீட்டினால் அது பதிலா? ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி கொடுத்து, எழுதியவர் கண்ணதாசன், பாடியவர் யேசுதாஸ் என்று போடுங்கள்.

மதிப்பெண் பற்றி நீட்ட வேண்டாம். விமர்சனங்களைத் திரட்டும் தளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் சராசரி மதிப்பெண் அன்று, எத்தனை விமர்சகர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பது. பத்துப் பேரும் ‘பரவாயில்லை’ என்றாலே 100 வந்துவிடும். எந்த எண்ணைப் போட்டாலும் எத்தனை பேர் போட்டது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

மலைக்காரர்களுக்கு எரிச்சல் தரும் கட்டம் ‘இடம்’. கதை நடக்கும் இடத்தையும் படம் பிடித்த இடத்தையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். விக்கித்தரவு இரண்டையும் பிரித்து, கதைக்களத்துக்கு பி840, படப்பிடிப்புத் தலத்துக்கு பி915 என்று தனி எண் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எ பேசேஜ் டு இந்தியா’ (1984) கதை வட இந்தியாவில் நடக்கிறது. அதில் வரும் ரயில் நம் நீலகிரி மலை ரயில். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) இதற்கு நேர் எதிர்: கதை கொடைக்கானலில், குகைக்குள் நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதி கேரளத்துப் பெரும்பாவூரில் போட்ட செட்டில். தளத்தில் ‘இடம்: கொடைக்கானல்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் படத்தில் வரும் குணா குகைக்குள் இறங்கலாம் என்று நம்பி வருகிறவர் கம்பி வேலிக்கு முன்னால் நிற்பார். ஆகவே இடத்தோடு காட்சியும் வேண்டும், அங்கே போகலாமா கூடாதா என்ற குறிப்பும் வேண்டும். ‘ஊட்டி’ என்று பொத்தாம்பொதுவாகப் போட வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தி ரயில் நிலையம் என்றால் கேத்தி என்றே போடுங்கள்.

திருத்தம் சொல்லும் வழியையும் சுருக்குங்கள். நீலகிரியின் பைக்காராவில் எடுத்ததைக் கொடைக்கானல் என்று போட்டால் பார்த்தவுடன் கண்டுபிடிக்கிற ஆட்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களிடம் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை, ஓ.டி.பி. போடு என்றால் சிக்னல் போய்விடும், ஆளும் போய்விடுவார். தவறான வரியின் பக்கத்திலேயே ‘இது தவறு’ என்று ஒரு பொத்தான், சரியானதை எழுத ஒரு பெட்டி, எப்படித் தெரியும் என்று சொல்ல இன்னொரு பெட்டி. இவ்வளவு போதும்.

அன்புடன்,
கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் படப்பிரியர்கள்