படத்தின் நான்கு மூலையும் தெரிய வேண்டும்

பழைய படங்களைத் திரையிடும் விழாக் குழுவினருக்கு வணக்கம்.

ஆல்பர்ட் லெவின் 1951இல் எடுத்த 'பண்டோரா அண்ட் த ஃப்ளையிங் டச்சுமேன்' படத்தை நீங்கள் காட்டிய விதம் அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். திரை நிரம்ப வேண்டும் என்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழும் வெட்டிவிட்டீர்கள்.

அது 1.37:1 அளவில், அதாவது உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலத்தில், எடுத்த படம். 1.85 அகலத்துக்கு நிரப்பினால் உயரத்தில் 26 சதவீதம் போய்விடும். நாயகி பண்டோரா நீந்திப் போய்க் கப்பலேறும் காட்சியைப் பாருங்கள். முன்பின் பார்த்திராத அவள் முகத்தை அந்தக் கப்பலின் மாலுமி ஹென்ட்ரிக் ஏற்கெனவே வரைந்துகொண்டிருக்கிறான். கோபத்தில் அவள் அந்த முகத்தை அழிக்கிறாள். அவன் பதறாமல், அதே இடத்தில் கண் மூக்கு இல்லாத முட்டை வடிவத் தலையைத் தீட்டுகிறான். சாபத்தால் கடலில் அலையும் அந்த மாலுமியின் கதை காதல் கதையாகத் திரும்புவது இங்கேதான். இந்தக் காட்சியில் மேல்பகுதியை அறுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, சப்டைட்டில் திரைக்குக் கீழே போகிறது என்று லென்ஸை மேலே ஏற்றினீர்கள். தலைகள் இன்னும் அதிகமாக வெட்டுப்பட்டன.

ஆபரேட்டரைக் குறை சொல்லவில்லை. முன்னேற்பாடு செய்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். திரையரங்குக்கான டிஜிட்டல் கோப்பான 2கே டிசிபி என்றால், 1.85 அகலமுள்ள 'ஃப்ளாட்' அமைப்பில், 1998x1080 பிக்சல் சட்டத்துக்குள் படம் ஏறக்குறைய 1480x1080 அளவில் நிற்கும். இரு பக்கமும் கறுப்பாக இருப்பது கோளாறல்ல. பக்கத் திரைச்சீலையைப் படத்தின் விளிம்பு வரை இழுத்துவிட்டால் போதும். ப்ளூரே என்றால் ப்ரொஜெக்டரில் படத்தைப் பெரிதாக்கும் 'ஜூம்' அமைப்பைத் தொடாதீர்கள். முந்தைய நாளே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

மேடை, பேனர், பொன்னாடை, வாழ்த்துரை எல்லாவற்றுக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒத்திகைக்கு மட்டும் இல்லை. இந்தப் படம் எடுக்கப்பட்ட டோசா தெ மார் என்ற ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரை ஊர், பண்டோராவாக நடித்த ஆவா கார்ட்னருக்கு 1998இல் சிலையே வைத்தது. ஜாக் கார்டிஃப் ஒளிப்பதிவு செய்த அந்தக் கடற்கரையை இங்கே முழுதாகப் பார்க்கக்கூட வழியில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: படத்தின் நான்கு மூலையும் திரையில் தெரிய வேண்டும். அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் திரை அளவை அச்சிட்டு, அதே தாளை ஆபரேட்டரிடமும் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பார்வையாளர்கள்